ரைட்டுக்கு அடுத்த வார்த்தை

பிப்ரவரி 9, திங்கள்

இன்றிலிருந்து நான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பியூலா மேடம் ஒரு நோட்டைக் கொடுத்து, "தினமும் அவர் என்ன பேசினார்னு வீட்ல ஒருத்தர் குறிச்சு வைங்க" என்றார். பிரமு அக்கா நோட்டைத் தன் மகள் ஆவுடையிடம் நீட்டினாள். நான் நடுவில் வாங்கிக்கொண்டேன். எழுத்து என்று வந்தால் எங்கள் குடும்பத்தில் இசக்கிமுத்துதான். எட்டாம் வகுப்பில் என் கட்டுரையைப் படித்துவிட்டுத் தலைமை ஆசிரியர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. அந்த நோட்டில் கட்டம் ரொம்பச் சிறியது, என் சரக்கு அடங்காது. ஆகையால் உரக்கடையில் கொடுத்த இந்த டைரியில் விவரமாக எழுதிவிட்டு, அங்கே சுருக்கமாகக் குறிப்பது என்று முடிவு.

விவரம் இதுதான். கோமதிநாயகம், அக்காவின் வீட்டுக்காரர், எனக்கு அத்தான். திருநெல்வேலி–பாபநாசம் ரூட்டில் தனியார் பஸ்ஸில் முப்பது வருஷமாகக் கண்டக்டர். பொங்கல் கழிந்த மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போனது. மூளையில் பேச்சுக்கென்று இடப்பக்கம் ஓர் இடம் இருக்கிறது, அங்கே போகும் ரத்தம் அடைத்துக்கொண்டது என்று பெரிய டாக்டர் சொன்னார். ஃபியூஸ் போயிருக்கும் என்று நான் அவருக்கு முன்பே சொல்லிவிட்டேன். மைக் செட் வைத்திருப்பவனுக்கு இது ஒரு சங்கதியா.

ஒரு வாரம் கழித்து ஒரு வார்த்தை மட்டும் திரும்பி வந்தது. "ரைட்."

பசிக்கிறதா என்றால் ரைட். வலிக்கிறதா என்றால் ரைட். ஊசி போட்டாலும் ரைட். பஸ்ஸை எடுக்கச் சொல்லி நாள் முழுக்கக் கத்திய வார்த்தை. மற்றதெல்லாம் போன பிறகும் அது மட்டும் தொண்டையிலேயே தங்கிவிட்டது.

கோயில் கொடை விழாக்கள் தொடங்கும் வரை எனக்கு வேலை இல்லாததால்தான் அக்கா வீட்டில் கிடக்கிறேன் என்று வீரவநல்லூரில் சிலர் பேசுகிறார்கள். வந்த ஆர்டரையெல்லாம் நான்தான் வேண்டாம் என்றேன். குடும்பம் முக்கியம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

ரைட். வேறில்லை. மோட்டாரில் காற்றுப் பிடித்துக்கொண்டது, சரி செய்தேன். அக்கா மனதுக்குள் பாராட்டினாள்.

பிப்ரவரி 14, சனி

அத்தானோடு வண்டி ஓட்டிய டிரைவர் மரியசூசை வந்தார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அத்தானின் விழுந்த கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன நாயகம் அண்ணாச்சி, என்னத் தெரியுதா?"

"ரைட்."

"எம் மவளுக்கு நிச்சயம் வச்சிருக்கேன். நீங்க இல்லாம நடக்காது."

"ரைட்."

"உங்க மோதிரத்தக் கழட்டித் தாரியளா?"

"ரைட்."

எல்லோரும் சிரித்தோம். அத்தானும் ஒரு பக்கத்து உதட்டால் சிரித்தார். மரியசூசைதான் அதிகம் சிரித்தார், பிறகு துண்டை எடுத்து முகத்தை ரொம்ப நேரம் துடைத்தார்.

"எல்லாத்துக்கும் ரைட்டுதானா?" என்று அக்காவிடம் மெதுவாகக் கேட்டார்.

அப்போதுதான் நான் விளக்க வேண்டியதாயிற்று. ஒரே வார்த்தை என்று இளக்காரமாக நினைக்கக் கூடாது. அரிசி மில்லில் லாரியைப் பின்னால் எடுக்கும்போது "ரைட், ரைட், வா வா" என்கிறார்கள். வாத்தியார் பேனாவால் இழுப்பதும் ரைட். மளிகைக் கடைக்காரர் போனை வைக்கும் முன் "சரி, ரைட்டு" என்கிறார். என்னோடு கூட்டாக மைக் செட் நடத்திய ஒருவன் கடைசியாக என்னிடம் "ரைட்டு" என்றுதான் சொன்னான், அதோடு ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. வெள்ளைக்காரன் அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன செய்தானோ, நம்மிடம் வந்த பிறகுதான் அதற்கு இத்தனை வேலை. அத்தான் சொல்லும் ரைட்டிலும் இழுப்பு, வெட்டு, ஏற்றம், இறக்கம் இருக்கிறது. கேட்கத் தெரிந்த காது வேண்டும். எனக்கு இருக்கிறது. பம்பாயில் ஒரு கப்பல் கேப்டன் பேசிய ஆறு பாஷையை நான் இந்தக் காதால்தான் புரிந்துகொண்டேன்.

மரியசூசை அசந்துவிட்டார். "அப்போ நீங்கதான் அண்ணாச்சிக்கு வாய்" என்றார். தெரு முழுக்க இப்போது அப்படித்தான் பேச்சு.

சாயங்காலம் அக்கா காபி கொடுத்து, சீனி போதுமா என்று கேட்டாள். ரைட் என்றார். விளக்கு வைக்கும்போது பார்த்தால் காபி அப்படியே ஆடை கட்டிக் கிடந்தது. வயிறு நிறைந்திருக்கும்.

பிப்ரவரி 20, வெள்ளி

ஆவுடைக்கு ஓசூரில் வேலை வந்திருக்கிறது. டிப்ளமோ முடித்தவள், மார்கழியில் நேர்முகத்துக்குப் போய்வந்தாள். மார்ச் பதினாறில் சேர வேண்டும், பத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அக்கா அடுப்படியிலிருந்தே சொன்னாள். "இந்த நெலமையில எங்க போறது? வரலைன்னு எழுதிரு."

"அப்பாகிட்ட கேக்கேன். அப்பா என்ன சொல்லுதாவளோ அதான்" என்றாள் ஆவுடை. நேர்முகத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனது அத்தான்தான். போய்வந்து ஒரு வாரம் ஓசூர்க் குளிரைப் பற்றித் தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் பேசினார்.

கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து கேட்டாள். "அப்பா, நான் வேலைக்குப் போகட்டுமா?"

"ரைட்."

அவள் முகம் மலர்ந்தது. அக்கா கரண்டியோடு வந்து நின்றாள். "அப்ப இங்கயே உங்ககூட இருந்திரட்டும், என்ன?"

"ரைட்."

ஆவுடை என்னைப் பார்த்தாள். "மாமா, உங்களுக்குப் புரியும்னு சொல்லுவியள்லா. அப்பா என்ன சொல்லுதாவ?"

அக்காவும் என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. அதற்கும் நான் சொன்னதற்கும் சம்பந்தம் இல்லை. அத்தானைக் குளியலறைக்குத் தூக்கிப் போகும்போது ஒரு பக்கம் ஆவுடை, ஒரு பக்கம் நான். ஸ்பீக்கர் பெட்டி தூக்கியே போன இடுப்பு என்னுடையது. அதற்கும் சம்பந்தம் இல்லை.

"முதல் ரைட்டு மேல ஏறிச்சு. அது மரியாதைக்குச் சொன்னது" என்றேன். "ரெண்டாவது கீழ இறங்கிச்சு பாத்தியா, அதுதான் மனசுல இருந்து வந்தது. போக வேண்டாங்காரு."

அத்தான் இடது கையால் கட்டில் சட்டத்தை அடித்தார். "ரைட். ரைட். ரைட்." குரல் தெருவரை போனது. நான் சொன்னதை அவ்வளவு அழுத்தமாக ஆமோதித்தார்.

பிப்ரவரி 22, ஞாயிறு

ஆவுடை இன்னும் பதில் எழுதவில்லை. துணியெல்லாம் துவைத்தாள். நேர்முகத்துக்குத் தைத்த சுடிதாரை இஸ்திரி போட்டு பீரோவின் அடித்தட்டில் வைத்தாள்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் அத்தான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணில் வெயில் பட்டிருக்கும். வெயில் எட்டிப்பார்க்கும் அறையில்லை, இருந்தாலும்.

பிப்ரவரி 26, வியாழன்

ஆஸ்பத்திரி. பியூலா மேடம் நோட்டைப் புரட்டினார்.

"'இன்று மழை வரும் என்றார்'னு எழுதியிருக்கீங்க. என்ன வார்த்தை சொன்னாரு?"

"ரைட்டு மேடம்."

"மழை எங்கேருந்து வந்துச்சு?"

"மேகம் இருந்துச்சு."

மேடம் நோட்டை மூடி ஆவுடையிடம் கொடுத்துவிட்டார். பிறகு ஒரு பூனைப் படத்தைக் காட்டி அத்தானிடம், "இது பூனையா?" என்றார். ரைட். அதே படத்தைக் காட்டி, "இது பஸ்ஸா?" ரைட். முப்பது வருஷம் பஸ்ஸில் இருந்தவர். சொல்லிவிட்டுத் தப்பு என்று தெரிந்து நெற்றியில் இடது கையால் தட்டிக்கொண்டார். தலையை ஆட்டச் சொன்னால் அதுவும் ஆமாவும் இல்லையுமாகக் குழம்புகிறது.

"அவருக்கு நாம பேசுறதெல்லாம் புரியுது" என்றார் மேடம். "வேண்டாம்னு சொல்ல வழி இல்ல. வேண்டாம்னு சொல்ல முடியாதவர் சரின்னு சொன்னா அத எப்படி எடுத்துக்கிறது? அந்த வழியத்தான் நாம தேடணும்."

ஆவுடை தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் ஆட்டோக்காரரும் அரசியல் பேசினோம்.

மார்ச் 5, வியாழன்

இன்று நடந்ததற்கு ஜோடனையே வேண்டாம்.

ஆட்டோ பஞ்சர். ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டது. பஸ்ஸில்தான் போக வேண்டும் என்று நான் முடிவெடுத்தேன். (ஆவுடை சொன்னாள், நான் முடிவெடுத்தேன்.) நாலு பேர் பிடித்து அத்தானை ஏற்றினார்கள். முன் படிக்கு நேரே இருந்த சீட்டில் நான்தான் உட்கார வைத்தேன், இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பொங்கலுக்குப் பிறகு அவர் பஸ்ஸில் ஏறுவது இதுதான் முதல் தடவை. இடது கையால் கம்பியைத் தடவிக்கொண்டே வந்தார்.

காருகுறிச்சியில் ஒரு பெண் இறங்கினாள். இடுப்பில் பிள்ளை, கையில் பை. ஒரு கால் படியில், ஒரு கால் இன்னும் தரைக்குப் போகவில்லை. கண்டக்டர் பின்னால் கூட்டத்துக்குள் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். இறங்கியாயிற்று என்று நினைத்து இரண்டு விசில் கொடுத்துவிட்டார். வண்டி நகர்ந்தது.

"ஓல்டேன்."

பஸ்ஸே குலுங்கி நின்றது. டிரைவர் யோசித்து மிதித்த பிரேக் இல்லை அது, காலே மிதித்துவிட்டது. அந்தப் பெண் கம்பியைப் பிடித்துத் தொங்கியவள் மெல்லத் தரையில் கால் வைத்தாள்.

இதைத் தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். ரைட் என்றால் வண்டி போகலாம், ஓல்டேன் என்றால் நிறுத்து. அதுவும் வெள்ளைக்காரனின் 'ஹோல்ட் ஆன்'தான், நம் ரூட்டில் ஓடி ஓடி இந்த வடிவத்துக்கு வந்துவிட்டது.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். "யாருப்பா அது, பழைய கண்டக்டர் குரலு மாதிரி?"

நான் ஆவுடையைப் பார்த்தேன். அவள் அத்தானைப் பார்த்தாள். அத்தானுக்கே நம்பிக்கை இல்லை, தன் வாயை இடது கையால் தொட்டுப் பார்த்தார்.

"அப்பா, இப்ப என்ன சொன்னிய? இன்னொருக்க சொல்லுங்க."

அவர் அவளைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக எட்டி, அந்தப் பெண் பிள்ளையோடு வண்டியை விட்டுத் தள்ளிப் போய் நிற்கிறாளா என்று பார்த்தார். பிறகு சொன்னார்.

"ரைட்."

வண்டி கிளம்பியது.

பியூலா மேடத்திடம் சொன்னபோது அவர் முதலில் என் முகத்தைப் பார்க்காமல் ஆவுடையைப் பார்த்தார். அவள் ஆமாம் என்றதும்தான் எழுந்து வந்து அத்தானின் கையைப் பிடித்தார். "இனிமே எதக் கேட்டாலும் ரெண்டு மாதிரியும் கேளுங்க. மாத்திக் கேட்டாலும் பதில் மாறாம நின்னா நம்பலாம்."

மார்ச் 6, வெள்ளி

காலையில் அக்கா காபியோடு வந்தாள். இரண்டாவது கரண்டிச் சீனி விழுவதற்குள் அத்தான், "ஓல்டேன்."

அக்கா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். "ஏழு வாரமா மூணு கரண்டி போட்டுல்லா கொடுத்தேன். உடம்புக்குத் தெம்பா இருக்கட்டும்னு. எப்பிடிக் குடிச்சியளோ."

"ரைட்" என்றார் அத்தான், ரொம்ப சாந்தமாக.

அதன் பிறகு வீட்டில் ஒரே ஓல்டேன். மின்விசிறிக்கு ஓல்டேன். இரண்டாவது தலையணைக்கு ஓல்டேன். அக்கா பார்க்கும் தொடருக்கு ஓல்டேன், அதில் மட்டும் அக்கா கேட்கவில்லை. அவர் மனம் லேசாகட்டும் என்று பம்பாய்க் கதையை எடுத்தேன். கப்பல் கேப்டன் என்னைக் கட்டிப்பிடிக்கும் இடம் வரவில்லை, ஓல்டேன் வந்துவிட்டது. களைப்பாக இருந்திருக்கும்.

மார்ச் 7, சனி

ஆவுடை தலை குளித்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். அக்கா நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். எனக்குக் கடைக்குப் போகும் வேலை இருந்தது. ஆவுடை, "மாமா, நீங்களும் இருங்க" என்றாள்.

"அப்பா, நான் ஓசூருக்குப் போகட்டுமா?"

"ரைட்."

"போகாம உங்ககூடவே இருந்திரட்டுமா?"

"ஓல்டேன்."

மேடம் சொன்னபடி மாற்றிக் கேட்டாள். "நான் இங்கயே இருக்கேன்."

"ஓல்டேன்."

"அப்போ போறேன்."

"ரைட்."

அக்காவுக்குத் தாங்கவில்லை. "இவ போயிட்டா உங்கள யாரு தூக்குவா, யாரு குளிப்பாட்டுவா? என்னால ஆகுமா?"

அத்தான் இடது கையை மெதுவாகத் தூக்கி, என் பக்கம் நீட்டினார்.

"ரைட்."

நான் இடுப்பைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஆவுடை, "அன்னைக்கு நீங்க போக வேண்டாம்னு சொன்னதா மாமா சொன்னாவளே. அப்பிடியா சொன்னிய?"

அத்தான் என்னையே பார்த்தார். அவர் டிக்கெட் வாங்காமல் உட்கார்ந்திருக்கும் ஆளை அப்படித்தான் பார்ப்பார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

"ஓல்டேன்."

அத்தானுக்குக் காது சற்று மந்தம் என்று பெரிய டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஆவுடை சிரித்தாள். நான் கோபத்தை எதிர்பார்த்தேன், சிரித்துவிட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் பல்லை இன்றுதான் பார்க்கிறேன். அப்பாவின் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள், கொஞ்ச நேரத்தில் அது வேறு மாதிரி ஆனது. அத்தான் அவள் ஈரத் தலையில் இடது கையை வைத்துக்கொண்டு இருந்தார். அங்கேயே உட்கார்ந்து, 'வருகிறேன்' என்று கம்பெனிக்குப் பதில் அனுப்பிவிட்டாள்.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா என்னோடு பேசவில்லை. மத்தியானம் அப்பளம் எனக்கு மட்டும் வரவில்லை. சாயங்காலம் அவளே வந்தாள்.

"எனக்காகத்தான அப்பிடிச் சொன்ன?"

"நான் எதுக்குக்கா பொய் சொல்லுதேன். மொழிபெயர்ப்புன்னா முன்னப் பின்னதான் இருக்கும்."

"சவத்து மொழிபெயர்ப்பு. அவ போனதும் நீதாம்ல தூக்கணும், பாத்துக்கோ."

அப்பளம் வந்தது.

மார்ச் 15, ஞாயிறு

ஆவுடை கிளம்பினாள். நாற்காலியில் உட்கார வைத்து அத்தானை வாசலுக்குக் கொண்டுவந்தோம். மரியசூசை பெட்டியை ஆட்டோவில் ஏற்றினார். அத்தான் ரைட் சொல்வார், அதோடு வண்டியை எடுக்கலாம் என்று ஆட்டோக்காரர் காத்திருந்தார். தெருவே காத்திருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அவளேதான், "போகலாம் அண்ணே" என்றாள்.

மார்ச் 18, புதன்

இடுப்பு. அக்கா வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். அத்தானுக்கு இல்லை, எனக்கு.

மார்ச் 23, திங்கள்

ஆளைத் தூக்குவதில் ஒரு முறை இருக்கிறது, இழுக்கக் கூடாது. முழங்காலோடு முழங்கால் வைத்து, அவரையும் எழச்சொல்லி, சேர்ந்து எழ வேண்டும். ஆஸ்பத்திரியில் பலருக்கு இது தெரியவில்லை, நானே கண்டுபிடித்தேன். (பியூலா மேடமும் சொல்லியிருந்தார்.)

இன்று அத்தான் தெருமுனை வரை நடந்தார். அக்கா இதைப் படித்துவிட்டு, "கட்டில்ல இருந்து நாற்காலி வரைக்கும்னு எழுதுல" என்கிறாள். நடந்த திசையைத்தான் நான் எழுதினேன்.

மார்ச் 29, ஞாயிறு

ஆவுடை போனில் வந்தாள். ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்தோம். சம்பளம் வருவதற்குள் போர்வை வாங்க வேண்டும், விடியற்காலையில் குளிர்கிறது என்றாள். வரிசையாக அப்பாவிடம் கேட்டாள். மாத்திரை போட்டாச்சா, ரைட். கால் வீக்கம் இருக்கா, ஓல்டேன். மாமா ஒழுங்காப் பாத்துக்கிடுதாவளா என்று கேட்டாள். அத்தான் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் கொஞ்சம் அதிகம், ஆனால் ரைட் என்றுதான் சொன்னார். அக்கா சாட்சி.

"சரிப்பா. வச்சிரட்டுமா?"

"ஓல்டேன்."

அவள் வைக்கவில்லை. போனுக்குள் ஏதோ வண்டி போகும் சத்தம் கேட்டது. அத்தானின் உதடு அசைந்தது, நின்றது, திரும்ப அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றியது. சொல்ல வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அக்காவும் வாயைத் திறந்தாள். நான் கையை நீட்டி அவளைத் தடுத்தேன். நானும் வாயை மூடிக்கொண்டேன். அது எவ்வளவு கஷ்டம் என்று என் வாயை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

"எங்க?" என்றார் அத்தான்.

தெளிவாக. கையில் பை, விரலிடுக்கில் டிக்கெட்டோடு ஒவ்வொரு சீட்டாக நின்று ஏறினவரிடமெல்லாம் கேட்பாரே, அதே எங்க.

அந்தப் பக்கத்திலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. "ரூம்லதாம்ப்பா இருக்கேன். மூணாவது மாடி. இப்ப வெளிய வந்து வராந்தாவுல நிக்கேன். எதுத்தாப்புல ஒரு மலை தெரியுது, மேல கோயில் இருக்கு. கீழ பஸ் ஸ்டாப். காலையில எட்டுக்கு கம்பெனி வண்டி அங்கதான் வரும்..." அவள் சொல்லிக்கொண்டே போனாள். அத்தான் கண்ணை மூடி ஒவ்வொன்றுக்கும் ரைட், ரைட் என்று கேட்டுக்கொண்டார். பொங்கலிலிருந்து நாங்கள்தான் அவரைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தோம். இன்று அவர் கேட்டார்.

போனை வைத்ததும் இதை டீக்கடையில் சொல்ல வேண்டும் என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எப்படித் தொடங்குவது, எந்த இடத்தில் நிறுத்துவது என்றெல்லாம் யோசித்துக்கொண்டே செருப்பை மாட்டினேன்.

"எங்க?"

திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான்.

"டீக்கடைக்கு அத்தான். நீங்க பேசுனதச் சொல்லிட்டு வந்திருதேன்."

கொஞ்சம் யோசித்தார். "ஓல்டேன்" என்றார். இடது கையால் ஆணியில் தொங்கிய தன் சட்டையைக் காட்டினார். அவரும் டீக்கடைக்கு வந்து, நான் சொல்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டுமாம்.

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு நாற்காலியைத் துடைத்து வாசலில் கொண்டுபோய்ப் போட்டாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தேன். சட்டையில் முதலில் விழுந்த கையைத்தான் நுழைக்க வேண்டும், அதற்கு நேரமாகும். டீக்கடை எங்கேயும் போய்விடாது.